அந்த நீலப் புள்ளிகள் யார் என்று நம் ஊரிலும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி, பரிசோதனை பற்றியெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். கடைசியில் மட்டும், இனி மரபணுப் பரிசோதனை செய்தாலே யாருக்கு இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை, வேலை செய்யும் என்று தெரிந்துவிடும் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, அதனால் கடிதம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சதைப் பரிசோதனைக்கு வருகிற துண்டுகளை ஃபார்மலினில் இருந்து எடுத்து, மெழுகில் பதித்து பிளாக் போட்டு, அதை முடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டர் மேசையில் வைப்பதுதான் என் வேலை. நோய் என்ன என்று எழுதுவது டாக்டர். ஆனால் ஸ்லைடு சரியாக வந்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் முதலில் பார்ப்பது நாங்கள்தான், அப்படிப் பார்த்துப் பார்த்துச் சில விஷயங்கள் கண்ணில் படிந்துவிட்டன.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்லைடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. சாயம் போட்டால் சதை இளஞ்சிவப்பாகவும் அணுக்களின் உட்கரு நீலமாகவும் தெரியும். சில பெண்களின் ஸ்லைடில் புற்றுக் கூட்டத்தைச் சுற்றி, ஏன் அதற்கு உள்ளேயும், கடுகு கொட்டினது மாதிரி சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் நெருக்கமாக நிற்கும். அவை லிம்போசைட்டுகள், நோயை எதிர்க்க உடம்பு அனுப்புகிற வெள்ளணுக்கள். வேறு சிலருடைய ஸ்லைடில் புற்று பாட்டுக்கு வளர்ந்திருக்கும், சுற்றி ஒரு புள்ளி கூட இருக்காது. இன்னும் சிலரிடம் புள்ளிகள் ஓரத்திலேயே வரப்பு கட்டினது போல் நின்றுவிடும், உள்ளே ஒன்று கூடப் போயிருக்காது. ரிப்போர்ட்டில் மூன்று பேருக்கும் ஒரே வார்த்தைதான் வரும்: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. சிகிச்சையும் மூவருக்கும் ஒன்றுதான்.

என் சித்தி இந்த நோயில்தான் போனார். தீட்டு நின்று ஆறு வருடம் கழித்து ரத்தம் பட்டிருக்கிறது, வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. வாரம் ஐந்து நாள் கரண்ட் வைத்தார்கள், அதாவது வெளியில் இருந்து கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, அப்புறம் உள் கதிர்வீச்சு. பக்கத்துக் கட்டிலில் அதே நிலையில், அதே வயதில் ஒரு அம்மா இருந்தார். அவருக்கும் அதே மருந்து, அதே மெஷின். அந்த அம்மா பத்து வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தார், பேரன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வைத்தார். சித்திக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. ஏன் இப்படி என்று கேட்டதற்கு அன்று யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பல வருடம் கழித்து, சித்தியின் ஸ்லைடில் அந்த நீலப் புள்ளிகள் இருந்தனவா என்று பார்க்க ஆசைப்பட்டு, அவர் சிகிச்சை எடுத்த இடத்தில் போய் பிளாக்கைக் கேட்டேன். பழையதை எல்லாம் இடம் இல்லை என்று கழித்துவிட்டார்களாம்.

சரி, மரபணு வெளிப்பாடு என்கிறார்களே, அதற்கு வருகிறேன். நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா அணுவிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. ஒரு வீட்டில் எல்லாப் பாத்திரமும் இருக்கும், ஆனால் இன்றைக்கு அடுப்பில் எது ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும், இல்லையா? அதுபோல ஓர் அணுவில் எந்தெந்த மரபணுக்கள் இப்போது வேலையில் இருக்கின்றன, எவ்வளவு மும்முரமாக இருக்கின்றன என்று, வேலையில் இருக்கும் மரபணுவில் இருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ.வை அளந்து பார்ப்பதுதான் மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. புற்றுநோய்க் கட்டியில் இதைச் செய்யும்போது புற்றணுவின் கதை மட்டுமல்லாமல் அதற்குள் புகுந்திருக்கும் வெள்ளணுக்கள், ரத்தக் குழாய்கள், நார்த்திசு என எல்லாருடைய கதையும் சேர்ந்து வரும்.

அந்த நீலப் புள்ளிகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். சாதாரணச் சாயத்தில் எல்லா லிம்போசைட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் அவற்றில் டி அணுக்கள் என்ற ஒரு வகை உண்டு; அதிலேயே புற்றணுவைக் கொல்லப் போகும் சிடி8 டி அணுக்கள் இருக்கும், அவற்றை அடக்கி உட்கார வைக்கும் ஒழுங்குமுறை டி அணுக்களும் இருக்கும். கொல்ல வந்தவையே சண்டை போட்டுப் போட்டுக் களைத்து, பிடி-1 என்கிற பூட்டு மேலே ஏறி, சும்மா நிற்பதும் உண்டு. மைக்ராஸ்கோப்பில் எனக்கு எல்லாம் ஒரே கடுகு. எந்த மரபணு வெளிப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் யார் யார் என்று பிரியும்.

இந்த நோயில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இது வைரஸால் வருவது. ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹாசன் குழு 1983-இல் எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) 16 வகையையும் அடுத்த வருடம் 18 வகையையும் இந்தக் கட்டிகளில் கண்டுபிடித்தது, அதற்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்று பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், உடம்பின் எதிர்ப்பு சக்தியே துடைத்துவிடுகிறது. துடைக்க முடியாமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் பத்து இருபது வருடத்தில் அது புற்றாகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களை விட 6 மடங்கு என்பதே எதிர்ப்பு சக்திக்கும் இதற்கும் உள்ள உறவைக் காட்டிவிடும்.

வைரஸின் இரண்டு மரபணுக்கள், ஈ6, ஈ7 என்று பெயர், இவைதான் காரியத்தைக் கெடுப்பவை. ஈ6 நம் அணுவின் பி53 புரதத்தை அழிக்கிறது, ஈ7 ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. இரண்டுமே அணு கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்பவை. ஆர்.பி. போனதும் அணு பதறிப்போய் பி16 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தயாரிக்கும், அதைத்தான் நாங்கள் லேபில் பி16 சாயம் போட்டுப் பழுப்பாகப் பார்க்கிறோம். மரபணு வெளிப்பாடு மாறியதைக் கண்ணாலேயே பார்ப்பது என்றால் அதுதான். இதே ஈ6, ஈ7 இன்னொரு வேலையும் செய்கின்றன. வைரஸ் புகுந்துவிட்டது என்று அணு கூப்பாடு போடுவதற்கு இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞை இருக்கிறது, அந்தக் கூப்பாட்டையே அமுக்கிவிடுகின்றன. வைரஸ் ரத்தத்தில் கலப்பதும் இல்லை, காய்ச்சல் வருவதும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது கட்டுரையில் சொன்ன பரிசோதனை. இன்று நடைமுறையில் முக்கியமாக இருப்பது, அந்த பிடி-1 பூட்டை மாட்டிவிடுகிற பிடி-எல்1 என்ற ஒரு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்ப்பதுதான். பூட்டைத் திறந்துவிடும் இம்யூனோதெரபி மருந்தான பெம்ப்ரோலிஸுமாப்புக்கு அமெரிக்காவில் 2018-இல் இந்த நோய்க்கு அனுமதி கொடுத்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது பிடி-எல்1 இருந்த 77 பெண்களின் முடிவை. அதில் கட்டி சுருங்கியது 11 பேருக்கு. மற்ற 66 பேருக்கும் சாயம் ‘இருக்கிறது’ என்றுதான் சொன்னது, ஆனால் கட்டி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. அப்புறம் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 617 பேர் இருந்தார்கள், 2021-இல் முடிவு வந்தது, சராசரி ஆயுள் 16.5 மாதத்தில் இருந்து 24.4 மாதமாகக் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 617 பேரில் கிட்டத்தட்ட 10-க்கு 9 பேர் பிடி-எல்1 உள்ளவர்களாகவே இருந்தார்கள். எல்லாருக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் பரிசோதனையை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது?

அதனால்தான் ஒரு புரதத்தை விட்டுவிட்டு, ஒரு கூட்டமாக மரபணுக்களைச் சேர்த்து அளக்கப் பார்க்கிறார்கள். டி அணுக்கள் உள்ளே விழித்திருக்கின்றனவா என்று காட்ட 18 மரபணுக்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது, பல வகைப் புற்றுநோய்களில் சோதித்திருக்கிறார்கள். கர்ப்பப்பை வாய்க்கென்றே தனியாக ஆறு மரபணு, எட்டு மரபணு என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இருக்கும் ஒரே அமெரிக்கத் தரவை எடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டவை, புதிதாக ஒரு நோயாளியின் சதையில் சரிபார்த்தவை குறைவு. கட்டுரை எழுதியவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். படித்துவிட்டு யாராவது இருக்கிற நகையை விற்று ஏதோ ஒரு தனியார் லேபில் இப்படிப்பட்ட மரபணு வெளிப்பாட்டு ரிப்போர்ட் வாங்கிவந்து டாக்டர் முன்னால் நீட்டினால், அதை வைத்து அவர் சிகிச்சையை மாற்ற இன்று வழி இல்லை.

அந்த ஒரே தரவு என்றேனே, அதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. டி.சி.ஜி.ஏ. என்ற அமெரிக்கத் திட்டம் 228 கட்டிகளை முழுதாக ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டது. அருமையான வேலை. சில கட்டிகளில் பிடி-எல்1 மரபணுவே பல நகல்களாகப் பெருகியிருப்பதை அதிலும் கண்டார்கள். ஆனால் அந்த 228-இல் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள், ஆசியப் பெண்கள் மிகச் சிலரே. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி புதிதாக இந்த நோய் வந்தவர்கள் 1,27,526 பேர், இறந்தவர்கள் 79,906 பேர். இவ்வளவு பேர் இங்கே சாகிறார்கள், கட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற வரைபடத்தில் இவர்களுக்கு இடம் இல்லை.

அதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது, புற்று எல்லா ஊரிலும் புற்றுதானே என்று கேட்கலாம். வரும். உகாண்டாவில் 118 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள், அதில் 72 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எச்.பி.வி. 16-இன் குடும்பத்தால் வந்த கட்டிக்கும் 18-இன் குடும்பத்தால் வந்த கட்டிக்கும் மரபணு வெளிப்பாடே வேறாக இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நம்மை விட வசதி குறைந்த நாடு அது.

நம் பெண்களிடம் நான் பார்க்க விரும்பும் முதல் விஷயம் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ரத்தம் போய்க்கொண்டே இருப்பதால் அது இன்னும் இறங்கும், கரண்ட் வைப்பதற்கு முன் ரத்தம் ஏற்றச் சொல்வது நோயாளிகளின் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கட்டிக்குள் பிராணவாயு குறைந்தால் அணுக்கள் வேறு மரபணுக் கூட்டத்தை எழுப்பிவிடும், கதிர்வீச்சுக்கு அசராது, டி அணுக்களும் அந்த இடத்தில் சுருண்டுவிடும். இது பொதுவாகத் தெரிந்ததுதான். ஆனால் 7 கிராம் ஹீமோகுளோபினோடு வருகிற நம் ஊர் விவசாயக் கூலிப் பெண்ணின் கட்டியில் இது எந்த அளவு, ரத்தம் ஏற்றிய பிறகு மாறுகிறதா என்பதற்கு அமெரிக்கத் தரவில் பதில் கிடைக்காது. இங்கேதான் பார்க்க வேண்டும்.

நம்மால் முடியாததா? எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் இருக்கும் சமுதாய நல மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உலக அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, 2000-த்தில் தொடங்கி 30 முதல் 59 வயதுள்ள 31,343 பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளை வைத்து, கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியான முடிவை உலகமே எடுத்துப் படித்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று தந்த பாடம் அது. அடையாறிலேயே இந்த நோயின் மரபணு வெளிப்பாட்டை, சாதாரணச் சதையில் இருந்து புற்றுக்கு முந்தைய நிலைகள் வழியாக முற்றிய புற்று வரை ஒப்பிட்டு, 2011-இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். எதிரியை டி அணுக்களுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் அணுக்களை நோயாளியிடம் இருந்தே எடுத்துப் பழக்கித் திரும்பச் செலுத்தும் தடுப்பு மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுவில் இருந்து வந்தது. அடுத்து கர்ப்பப்பை வாய்க்கு ஒன்று வரவேண்டும், அதில் மரபணு மாற்றங்களோடு நின்றுவிடாமல் மரபணு வெளிப்பாட்டையும் வெள்ளணுக்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதெல்லாம் நடக்க, சதைத் துண்டு உருப்படியாக இருக்க வேண்டும். இங்கேதான் எனக்கு ஆதங்கம். ஆர்.என்.ஏ. ரொம்ப நொய்மையானது, சதையை வெளியே எடுத்த நிமிடத்தில் இருந்து அது உடையத் தொடங்கும். நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனை துண்டுகள் வெறும் சலைனில் வந்திருக்கின்றன! சனிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமை மதியம் வரும். பஃபர் (அமிலமாகாமல் காக்கும் உப்பு) கலக்காத ஃபார்மலினில் போட்டிருப்பார்கள், அது நாளாக ஆக அமிலமாகி உள்ளே இருப்பதை எல்லாம் அரித்துவிடும், ஸ்லைடில் கருப்புக் கருப்பாகத் துகள் தெரியும். ஒரு துண்டுக்கு அதைப் போல் பத்து மடங்காவது திரவம் வேண்டும், சின்னக் குப்பியில் அடைத்து அனுப்பினால் நடுவில் ஃபார்மலின் இறங்கவே இறங்காது. பஃபர் கலந்த 10 சதவீத ஃபார்மலின், எடுத்த உடனே போடுவது, 6 மணி நேரத்துக்குக் குறையாமல் 72 மணி நேரத்தைத் தாண்டாமல் வைப்பது, எடுத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவது. இவ்வளவுதான். பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு ஸ்டாஃப் நர்சுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். பெரிய மையங்களில் அரிசி அளவு ஒரு துண்டை கூடுதலாக எடுத்து திரவ நைட்ரஜனில் உறைய வைத்தால் இன்னும் நல்லது.

அந்த அரிசி அளவுத் துண்டை எடுக்கும்போது அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும், அவளுக்குப் புரிகிற பேச்சில். 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியில் இருந்து அவருக்குத் தெரியாமலே எடுத்த அணுக்கள்தான் ஹீலா என்ற பெயரில் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன, அவர் அந்த வருடமே இறந்துபோனார். அவருக்கு நடந்தது கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற நம் அம்மாக்களுக்கு நடக்கக் கூடாது.

மருந்து விலையையும் சொல்லிவிடுகிறேன். பெம்ப்ரோலிஸுமாப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், மாதக்கணக்கில் போடவேண்டும், லட்சக்கணக்கில் ஆகும். கரண்டோடு சேர்த்து இதைக் கொடுத்தால் மூன்று வருடம் உயிரோடு இருப்பவர்கள் 74.8-இல் இருந்து 82.6 சதவீதமாகக் கூடுகிறார்கள் என்று 2024-இல் முடிவு வந்தது. அதே வருடம் இன்னொரு ஆய்வும் வந்தது, இந்தியாவும் சேர்ந்து 500 பெண்களிடம் நடந்தது. கரண்ட் தொடங்கும் முன் ஆறு வாரம் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கொடுத்தார்கள், இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 72-இல் இருந்து 80 சதவீதமானார்கள். எந்தப் பெண்ணுக்கு விலை குறைந்ததே போதும், எந்தப் பெண்ணுக்கு விலை கூடியதைக் கடன் வாங்கியாவது அரசே கொடுக்க வேண்டும் என்று பிரிக்கத்தான் நமக்கு அந்தப் பரிசோதனை வேண்டும். பணக்கார நாட்டுக்கு இது அவ்வளவு அவசரம் இல்லை, நமக்கு அவசரம்.

தடுப்பூசியும் பரிசோதனையும் முதலில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆனால் அந்தக் குழந்தைகளுடைய அம்மாவும் பாட்டியும் இருக்கிறார்களே? அதே 2019-21 குடும்பநல ஆய்வுக் கணக்கில் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம், அதுவே அப்போது நாட்டில் மேல் வரிசையில் இருந்த எண். இன்னும் பல வருடங்களுக்குக் கட்டியோடுதான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரப் போகிறார்கள்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது சதைப் பரிசோதனை நடந்தால் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள், அதில் இருக்கும் பிளாக் எண்ணைக் குறித்து வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போதோ பின்னால் புதுப் பரிசோதனை தேவைப்பட்டாலோ அந்த மெழுகுக் கட்டையைத்தான் கேட்பார்கள், எழுதிக் கொடுத்தால் லேபில் தருவார்கள். வாங்கினதும் நாலு மடிப்புப் பஞ்சில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
திண்டுக்கல் மாவட்டம்.